ஊருக்கு எவ்வளவு தூரம்?



உலக உருண்டையில் கொப்பன்கேகனையும் கொழும்பையும் ஒரு நூலால் இழுத்துப் பிடியுங்கள். அதுவே மிகக் குறுகிய வான்வழி: ஏறத்தாழ 7,900 கிலோமீற்றர். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் ஒன்பது மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. வழியில் விமானம் மாறினால் 14 மணித்தியாலமும் ஆகலாம்.

இனி மணிக்கூடு. இலங்கை நேரம் நமக்குக் குளிர்காலத்தில் 4½ மணித்தியாலம் முன்னே, கோடையில் 3½. குளிர்காலத்தில் நண்பகல் 12 மணிக்குப் புறப்பட்டு, 14 மணித்தியாலம் பயணித்தால், இங்கே அதிகாலை 2 மணி. அங்கே காலை 6.30. பிறகு யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி ஏறத்தாழ 400 கிலோமீற்றர்.

ஊரில் அம்மம்மா காலமானார் என்று இரவில் தொலைபேசி வந்தால், நாங்கள் முதலில் போடுவது இந்தக் கணக்கைத்தான்: கிரியைக்கு முன் முகம் பார்க்கலாமா? நீங்களும் போட்டுப் பழகுங்கள். அவர் இருக்கும்போதே போய்வருவதற்காக.