மோட்டார் சைக்கிளின் கிளச்சுக் கோளாறு: காரணம் அறியும் முறை

(கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுதியது)

யந்திரத்தில் ஓயாது காணப்படும் கோளாறை எவரும் எளிதிற் கண்டு கொள்வர். ஒரு வேளை தோன்றி மறு வேளை மறைந்து விடும் கோளாறே மனிதனைத் திகைக்கச் செய்வது. பட்டறைக்குக் கொண்டு போனால் அங்கே வண்டி செம்மையாக ஓடும்; வீட்டுக்குத் திரும்பும் வழியில் மறுபடியும் படுத்தும். இத்தகைய கோளாறுக்குக் காரணம் அறியாமல் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றுகிறவர்கள் அநேகர். அதனால் பணமும் வீணாகிறது, நாளும் வீணாகிறது.

திருவொற்றியூர்ப் பகுதிக்கும் புல்லட் வண்டிக்கும் உள்ள சம்பந்தம் யாவரும் அறிந்ததே. மெட்ராஸ் மோட்டார்ஸ் ஸ்தாபனமும், இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரிலிருந்த ராயல் என்பீல்டு கம்பெனியும் 1955ஆம் வருஷத்தில் கூடி என்பீல்டு இந்தியாவை ஏற்படுத்தின. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் 350 சி.சி. புல்லட் தயாராயிற்று. இங்கிலாந்தில் அவ்வண்டியின் உற்பத்தி நின்ற பிறகும் இங்கே நிற்கவில்லை. ஆகவே வலக் காலால் கியர் மாற்றும் நான்கு கியர்ப் பழைய வண்டிகள் இராயபுரம் முதல் எண்ணூர் வரையில் இன்றும் உழைத்து வருகின்றன. அவற்றை மனத்திற் கொண்டே இப்பாடம் எழுதப்படுகிறது.

கிளச்சு வேலை செய்யும் விதம்

எஞ்சினின் சக்தி ஒரு சங்கிலி மூலம் கிளச்சுக்கு வருகிறது. அங்கே தட்டுக்கள் அடுக்காக இருக்கின்றன. ஒன்றுவிட்டு ஒன்று எஞ்சினோடு சுழல்வது. மற்றவை கியர்ப் பெட்டியோடு சுழல்பவை. ஸ்பிரிங்குகள் அவற்றை நெருக்கிப் பிடித்திருக்கும் வரையில் சக்தி பின்சக்கரத்துக்குச் செல்லும். கைப்பிடியை அழுத்தினால் கேபிள் ஒரு நெம்புகோலை இழுக்கும். அது கியர்ப் பெட்டித் தண்டின் துவாரத்தினூடே செல்லும் கம்பியைத் தள்ளி, ஸ்பிரிங்குகளின் பிடியைத் தளர்த்தும். தட்டுக்கள் பிரிந்து நிற்கும். இவ்வளவே கிளச்சின் தத்துவம்.

முதலிற் கேட்க வேண்டிய கேள்வி

கிளச்சுக்கு வரும் நோய்கள் இரண்டு. ஒன்று வழுக்குதல்; மற்றொன்று ஒட்டுதல்.

வழுக்கும்போது ஆக்சிலேட்டரைத் திருப்பினால் எஞ்சின் இரையும். வண்டியின் வேகம் கூடாது. பழைய புல்லட்டில் கிக்கரின் உதையும் கிளச்சு வழியாகவே எஞ்சினை அடைகிறபடியால், எஞ்சின் திரும்பாமல் கிக்கர் மாத்திரம் இறங்கிப் போவதும் இதற்கு அடையாளம். ஒட்டும்போது கைப்பிடியை முழுதும் அழுத்தியிருந்தும் வண்டி முன்னே நகரப் பார்க்கும், கியர் அரைக்கும், நின்ற இடத்தில் நியூட்ரல் அகப்படாது.

இவ்விரண்டின் காரணங்களும் ஒன்றுக்கொன்று எதிரானவை. கேபிள் அதிகமாக இறுகியிருந்தால் வழுக்கும். அதிகமாகத் தளர்ந்திருந்தால் ஒட்டும். ஆதலால் எது நோய் என்று நிச்சயிக்காமல் திருகைத் தொடலாகாது. காலையில் முதல் கியர் போடும்போது மாத்திரம் வண்டி துள்ளுமானால் அஞ்ச வேண்டியதில்லை. இரவில் எண்ணெய் தட்டுக்களை ஒட்ட வைத்திருக்கும். எஞ்சினைக் கிளப்புமுன் கிளச்சை அழுத்திக் கொண்டு இரண்டு மூன்று முறை கிக்கரை மிதித்தால் பிரிந்துவிடும்.

ஓர் உதாரணம்

சுற்றுப்பிரயாணத்தின்போது திருவொற்றியூரில் ஒரு மீன் வியாபாரியைச் சந்தித்தேன். அவர் காசிமேட்டில் விடியற்காலையில் மீன் எடுத்து, பனிக்கட்டியிட்ட கூடைகளைப் பழைய புல்லட்டில் கட்டி, மணலிப் பக்கம் விற்பவர். அவருடைய வண்டி சில நாட்கள் வழுக்கும். சில நாட்கள் ஒன்றுமில்லை. பட்டறைக்காரர் ஒருவர் தட்டுக்கள் யாவும் தேய்ந்திருக்கும், கிளச்சை முழுதும் மாற்ற வேண்டும் என்று கூறியிருந்தார். அதற்காக அவர் சங்கத்தில் கடனுக்கு மனுச் செய்திருந்தார்.

“மேம்பாலம் ஏறும்போது பின்னால் கன்டெய்னர் லாரி வருகிறது, ஐயா. நடுப் பாலத்தில் வண்டி இழுக்காமற் போனால் என் கதி என்ன?” என்றார்.

“எந்தச் சமயத்தில் வழுக்குகிறது என்று ஒரு வாரம் குறித்துக் கொண்டு வாரும், அதன்பின் கடனைப் பற்றிப் பேசுவோம்” என்றேன்.

அவருடைய பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டில் குறிப்பு வந்தது. அதில் மூன்று விஷயங்கள் தெளிவாயின. முதலாவது, கியர் மாற்றிக் கிளச்சை விட்டவுடனே வழுக்குகிறது. அதே கியரில் நெடுந்தூரம் சென்றால் நின்று விடுகிறது. இரண்டாவது, சுமை அதிகமுள்ள நாட்களில் அதிகமாக வழுக்குவதாகத் தெரியவில்லை. மூன்றாவது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் மீன்பிடித் தடையிருந்த 61 நாட்களும் வண்டி கடற்கரையோரத்தில் நின்று கிடந்தது. அதன் பின்னரே கோளாறு ஆரம்பம்.

தட்டுக்கள் தேய்ந்திருந்தால் சுமையும் மேடும் கூடக் கூட வழுக்கல் மிகுந்திருக்கும்; ஓடிக் கொண்டிருக்கையில் தானே குணமாகாது. ஆகையால் கிளச்சை விட்ட பின்பும் ஏதோ ஒன்று அதைச் சிறிது பிடித்துக் கொண்டிருக்கிறது என்று ஊகித்தோம். ஆள் நடமாட்டமில்லாத தெருவில் சுமையின்றி ஓட்டி, வழுக்கும் தருணத்தில் கைப்பிடியை விரல்களால் வெளிப்புறம் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். தள்ளியவுடனே வழுக்கல் நின்றது. நோய் தட்டில் இல்லை, கேபிளில் உள்ளது என்பது விளங்கிற்று.

கேபிளைக் கழற்றிக் கையால் இழுத்தபோது மணல் அரைப்பது போலிருந்தது. உப்புக் காற்றாலும் கூடையிலிருந்து சொட்டிய நீராலும் உறைக்குள் துருப் பிடித்திருந்தது. கீழ் நுனியில் கம்பி இழைகள் இரண்டு அறுந்து, உறையின் வாயில் மாட்டிக் கொண்டிருந்தன. எஞ்சிய இழைகளும் அறுந்திருந்தால் கிளச்சை அழுத்தியும் பிரியாமல் வண்டி நெரிசலுக்குள் பாய்ந்திருக்கும். புதுக் கேபிள் போட்டு, வழக்கமான சுமையோடு ஒரு வாரம் ஓட்டினார், வழுக்கவில்லை. கடன் மனுவை அவரே திரும்பப் பெற்றுக் கொண்டார்.

பரீக்ஷிக்க வேண்டிய வரிசை

1. கைப்பிடியின் நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கையிலும் சூடேறிய பின்னும் பார்க்கவும். ஹாண்டில்பாரை இரு பக்கமும் முழுதும் திருப்பியும் பார்க்கவும். திருப்பும்போது தளர்வு மறைந்தால் கேபிள் செல்லும் வழி தவறானது.

2. கேபிளின் இரு நுனிகளிலும் அறுந்த இழை உண்டா என்று நோக்கவும். இருந்தால் எண்ணெய் விட்டுப் பிரயோஜனமில்லை, மாற்றவும்.

3. கேபிளை முழுதும் தளர்த்திய பிறகே, கியர்ப் பெட்டியின் வலப்புறச் சிறு மூடிக்குள் இருக்கும் திருகைச் சரி செய்யவும். கம்பிக்குச் சிறிது இடைவெளி விட்டுப் பூட்டு நட்டை இறுக்கி, கடைசியிற் கேபிளின் தளர்வை வைக்கவும்.

4. கேபிளைக் கழற்றிய நிலையிலும் கிக்கர் எஞ்சினைத் திருப்பாமல் இறங்கினால் நோய் உள்ளே இருக்கிறது. அப்போதுதான் இடப்புறப் பெரிய மூடியைத் திறக்க வேண்டும். அது ஒரே நட்டால் பிடிக்கப்பட்டது. எண்ணெய்க்குப் பாத்திரம் வைத்துக் கொள்ளவும்.

5. ஸ்பிரிங்குகள் ஒரே நீளமா, இரும்புத் தட்டுக்கள் கண்ணாடியின் மேல் சமமாகப் படிகின்றனவா, தட்டுக்களின் காதுகள் கூடையின் விளிம்பில் பள்ளம் விழச் செய்திருக்கின்றனவா என்று பார்க்கவும். கோணிய தட்டும் பள்ளம் விழுந்த கூடையும் ஒட்டுதலுக்குக் காரணம். தேய்ந்த தட்டும் சோர்ந்த ஸ்பிரிங்கும் வழுக்கலுக்குக் காரணம். உராய்வைக் குறைக்கும் சரக்குச் சேர்ந்த கார் எண்ணெயை இங்கே ஊற்றினாலும் வழுக்கும்.

ஒரு சமயத்தில் ஒரு மாறுதலே செய்ய வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது குணப்படுத்திற்று என்று தெரியாது. அடுத்த முறை மறுபடியும் இருட்டில் தடவ நேரும். கடலோரத்தில் வசிப்போர் தடைக்காலம் முடிந்து வண்டியை எடுக்குமுன் கேபிளைக் கழற்றி இழுத்துப் பார்ப்பதை வழக்கமாகக் கொள்ள வேண்டும். அதற்கு அரை மணி நேரமும் ஒரு ஸ்பானரும் போதும்.