தோண்டுவதற்கு முன் எழுதிக்கொள்வோம்

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாள். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு கைப்பிடிப் பொருள்களை எடுத்து என் மேசைமேல் வைத்தான். வலையில் கட்டும் ஈயக்குண்டுகள் ஏழு, ஒரு ரூபாய்க் காசுகள் இரண்டு, துருப்பிடித்த தூண்டில் முள் ஒன்று, பச்சை படிந்த சிறு வட்டத் தகடு ஒன்று.

“கடல் அரிச்ச இடத்துல கிடந்தது சார். ஈயத்தைக் காயலான் கடையில போட்ருவேன். இது மட்டும் என்னன்னு தெரியல. புளி போட்டுத் தேய்ச்சா தெரிஞ்சிரும்” என்றான்.

“தேய்க்காதே” என்று சற்று உரக்கவே சொல்லிவிட்டேன். “ஏன் சார்?” என்று கேட்டான். அந்த ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரப் பாடத்தைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். கடலோரப் பள்ளிகளில் பணிபுரியும் நண்பர்களுக்குப் பயன்படும். ஆற்றங்கரை, குளத்தங்கரை ஊர்களுக்கும் பொருந்தும்.

நான் தேய்த்த காசு

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது எங்கள் ஊர் மணல்மேட்டில் ஒரு செப்புக் காசு கிடைத்தது. புளியும் உப்பும் சாம்பலும் வைத்து இரண்டு நாள் தேய்த்தேன். காசு பளபளத்தது. அதிலிருந்த எழுத்துகள் போய்விட்டன. பி.எட். முடித்த பின், காசுகள் பற்றி அறிந்த ஒருவரிடம் அதைக் காட்டினேன். அவர் காசைப் பார்ப்பதற்கு முன்பே, “எங்கே கிடைத்தது? எவ்வளவு ஆழத்தில்? பக்கத்தில் பானை ஓடு ஏதாவது இருந்ததா?” என்று கேட்டார். ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. காசைத் திருப்பித் தந்துவிட்டார். அவர் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் இன்றும் அது என் மேசை இழுப்பறையில் எதையும் சொல்லாத ஒரு செம்புத் துண்டாகவே கிடக்கிறது.

மாணவன் கொண்டுவந்த தகட்டைத் தேய்க்காமல், ஆய்வகத்தில் இருந்த கைவில்லையால் பார்த்தோம். பச்சைப் படிவுக்கு அடியில் பெரிய ‘வி’ எழுத்தும், அதன் இரு கால்களிலும் கோத்ததுபோல ‘ஓ’, ‘சி’ எழுத்துகளும் தெரிந்தன. அது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. தூத்துக்குடி 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்குப் போனது. 1825இல் ஆங்கிலேயர் வசம் வந்தது. அந்தக் கம்பெனியின் செப்புக் காசுக்கு டச்சு மொழியில் ‘டெயட்’ என்று பெயர். நாம் ‘கையில் துட்டு இல்லை’ என்கிறோமே, அந்தத் ‘துட்டு’ இதிலிருந்து வந்த சொல்தான். வகுப்பே சிரித்தது. அவன் மட்டும் காசைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

முதல் வாரம்: காந்தமும் கருவியும்

காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி மணலில் இழுத்தால் புதையல் ஒட்டிக்கொள்ளும் என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதைச் சோதித்துப் பார்க்கச் சொன்னேன். 1992க்குப் பிறகு வந்த எஃகு ஒரு ரூபாய்க் காசு காந்தத்தில் ஒட்டியது. அதற்கு முந்தைய செம்பு-நிக்கல் காசு ஒட்டவில்லை. ஈயக்குண்டு, செம்புக் கம்பி, ஒரு மாணவியின் வெள்ளிக் கொலுசு எதுவும் ஒட்டவில்லை. அப்படியானால் உலோகம் காட்டும் கருவி இவற்றை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் கடையிலிருந்து ஒரு முழ நீளச் செம்புக் குழாய் வாங்கிவந்தோம். அதற்குள் சிறிய, வலுவான பொத்தான் காந்தத்தைப் போட்டோம். செம்பைக் காந்தம் ஈர்ப்பதில்லை. ஆனாலும் காந்தம் சட்டென்று விழாமல் மெல்ல இறங்கியது. நகரும் காந்தப்புலம் செம்புக்குள் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அந்த மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலம் காந்தத்தின் வேகத்தைத் தடுக்கிறது. ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் நாம் நடத்தும் மின்காந்தத் தூண்டல் இதுதான்.

கருவியிலும் இதே தத்துவம்தான். ஒரு கம்பிச்சுருளில் மாறுதிசை மின்னோட்டம் ஓடுகிறது. கீழே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அது எழுப்பும் சிறு காந்தப்புலத்தை இன்னொரு சுருள் உணர்ந்து ஒலியாகத் தருகிறது. கருவி உலோகம் இருப்பதைச் சொல்லும். அது காசா, குளிர்பான மூடியா என்று உறுதியாகச் சொல்லாது.

இரண்டாம் வாரம்: சட்டமும் ஒரு சுத்தியலும்

“கிடைச்சதை ஏன் சார் குடுக்கணும்? கடல் குடுத்தது தானே?” என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. மண்ணில் மறைந்து கிடந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுப்பவர், அது என்ன, எங்கே, எந்த நாளில் கிடைத்தது என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கண்டெடுத்தவருக்கும் பங்கு உண்டு என்று அதே சட்டம் சொல்கிறது. மறைத்தால் அந்தப் பங்கு போய்விடும், தண்டனையும் உண்டு. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 ஆண்டுகளுக்குக் குறையாத காசும் சிலையும் தொல்பொருள்கள். அவற்றை உரிமம் இல்லாமல் வணிகம் செய்யக் கூடாது. தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது.

சட்டம் சொன்னால் பிள்ளைகள் பயப்படுவார்கள். கதை சொன்னால் புரிந்துகொள்வார்கள். எனவே ஹாக்ஸன் புதையலின் கதையைச் சொன்னேன். 1992 நவம்பரில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஒரு விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். எரிக் லாஸ் என்ற நண்பர் உலோகம் காட்டும் கருவியுடன் தேடப் போனார். சுத்தியலுக்குப் பதிலாக ரோமானியக் காசுகளும் வெள்ளிக் கரண்டிகளும் வந்தன. கொஞ்சம் எடுத்தவர், தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் கொடுத்தார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து முறையாகத் தோண்டினார்கள். ஏறத்தாழ 15,000 காசுகளும் சுமார் 200 பொன், வெள்ளிப் பொருள்களும் கிடைத்தன. அவை ஒரு மரப்பெட்டிக்குள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதும் தெரிந்தது. அவர் நிறுத்தியதால்தான் அது தெரிந்தது. பின்னர் கிடைத்த வெகுமதியை அவரும் விவசாயியும் பகிர்ந்துகொண்டார்கள். அந்தப் புதையலில் மிளகுப்பொடி தூவும் வெள்ளிக் குப்பிகளும் இருந்தன. ரோமானியர் தட்டில் விழுந்த மிளகு இந்தியாவிலிருந்து கப்பலில் போனது என்றதும் பிள்ளைகளின் முகம் மாறியது. சுத்தியலும் கிடைத்தது; அது இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மூன்றாம் வாரம்: நடந்தும் துடுப்புப் போட்டும்

எங்கள் பகுதி தாமிரபரணி கடலில் கலக்கும் கரை. 1968-69இல் அகழாய்வு நடந்த கொற்கை ஒருகாலத்தில் துறைமுகம். ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டலால் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதிய காயல் துறைமுகமும் இந்த வட்டாரம்தான். கரை நகர்ந்துகொண்டே வந்ததால் பல காலத்துப் பொருள்கள் இங்கே கலந்து கிடக்கின்றன.

தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோரின் ஒப்புதல் கடிதம் பெற்று ஒரு சனிக்கிழமை காலை கிளம்பினோம். கருவி ஒரு நண்பரிடம் இரவல் வாங்கியது. அகழாய்வு நடந்த மேடு, கோயில் வளாகம், பாதுகாக்கப்பட்ட இடம் எதன் பக்கமும் போகவில்லை. மீனவர்கள் படகு ஏற்றும் பொதுக் கரையில் 200 மீட்டர் மட்டும் நடந்தோம். ஐந்து பேர் கொண்ட குழு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபடத் தாள். ஒருவர் கருவி பிடிக்க, ஒருவர் அடியளக்க, ஒருவர் புகைப்படம் எடுக்க, ஒருவர் எழுத, ஒருவர் சிறு கரண்டியால் மணலை விலக்க வேண்டும்.

மழைக்காலத்து அலை மணலை அரித்துக்கொண்டு போகும்போது கனமான பொருள்கள் தாழ்வான பள்ளங்களில் தங்கிவிடும். கருவி அங்கேதான் அதிகம் ஒலித்தது. ஆனால் ஈர மணலுக்கு வந்ததும் காரணமில்லாமல் கத்தியது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் வரும் குழப்பம் அது. இல்மனைட், மேக்னடைட் கலந்த கருமணலும் இப்படிக் குழப்பும். ஒரு குழு அந்தக் கருமணலைத் தாளில் பரப்பிக் காந்தத்தால் பிரித்துப் பார்த்தது. அது நான் திட்டமிடாத பாடம்.

முகத்துவாரத்துக்கு நடுவே ஒரு மணல்திட்டு உண்டு. நடந்து போக முடியாது. இயந்திரப் படகுக்கு ஆழம் போதாது. நீர் விளையாட்டு நிறுவனத்தில் வேலை செய்யும் எங்கள் முன்னாள் மாணவர் இரண்டு கயாக் படகுகள் கொண்டுவந்தார். அவரும் நானும் உடற்கல்வி ஆசிரியரும் மட்டும் போனோம். மாணவர்களை ஏற்றவில்லை. உயிர்காப்புக் கவசம் அணிந்து, கடலோரக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டு, நீர் புகாத பையில் கருவியைக் கட்டிக்கொண்டோம். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர், “வாடை எழும்புறதுக்குள்ள திரும்பிருங்க வாத்தியாரே” என்றார். கைக்கு எட்டிய தூரம் என்று நினைத்த திட்டுக்குப் போகவே இருபது நிமிடம் ஆனது. அரை மணி நேரம் தேடியதில் துருப்பிடித்த சங்கிலித் துண்டு ஒன்றே கிடைத்தது. காற்று மாறும் முன் திரும்பிவிட்டோம். வெறுங்கையோடு வந்ததும் பாடம்தான் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் பாதுகாக்கப்பட்டவை. அங்கே அனுமதியின்றி இப்படிப் போகவே கூடாது என்பதையும் சொல்லி அனுப்பினேன்.

கரைக்கு வந்தபோது ஒரு குழுவின் கருவி தெளிவாக ஒலித்தது. மணலில் பச்சையாக ஏதோ தெரிந்தது. நான் குனிந்து கையை நீட்டிவிட்டேன். “சார், இன்னும் எழுதலியே!” என்று ஒரு மாணவி என் கையைத் தடுத்தாள். புளி வைத்துத் தேய்த்த பன்னிரண்டு வயதுப் பையன் இன்னும் எனக்குள் இருக்கிறான் போலும். அவர்கள் அளந்து, எழுதி, படம் எடுத்த பிறகு வெளியே எடுத்தோம். பழைய மரப்படகின் செப்பு ஆணி அது.

“அலை புரட்டிப் போட்டதுக்கு இடத்தைக் குறிச்சு என்ன சார் பயன்?” என்று ஒருவன் கேட்டான். ஒற்றைப் பொருளுக்குப் பயன் குறைவுதான். ஆனால் பத்து ஆண்டுகள் பல பேர் குறித்துவைத்தால், எந்த இடத்தில் எந்தக் காலத்துப் பொருள் அதிகம் என்று வரைபடம் பேசும். இங்கிலாந்தில் 1997இல் தொடங்கிய பதிவுத் திட்டத்தில் பொதுமக்கள் கண்டெடுத்த 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இப்படிப் பதிவாகியுள்ளன.

செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு

1. கருவி இல்லாவிட்டாலும் செய்யலாம். காந்தம், செம்புக் குழாய், பழைய காசுகள் போதும்.
2. எந்தப் பொருளையும் கழுவவோ தேய்க்கவோ கூடாது. காகித உறையில் இட்டு, இடம், ஆழம், நாள், உடன் கிடந்தவை ஆகியவற்றை மேலே எழுதுங்கள்.
3. ஒன்றுக்கு மேற்பட்ட பழம்பொருள் ஒரே இடத்தில் தெரிந்தால் தோண்டுவதை உடனே நிறுத்தித் தகவல் கொடுங்கள்.
4. ஈயம் நஞ்சு. ஈயக்குண்டைக் கையாண்ட பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பிட வேண்டும். வீட்டில் ஈயம் உருக்கும் இடத்தில் பிள்ளைகள் நிற்கக் கூடாது என்று பெற்றோரிடமும் சொல்லுங்கள்.
5. தோண்டிய குழியை மூடுங்கள். கண்ணாடி, தூண்டில் முள், மூடிகளை அள்ளி வாருங்கள்.

மீண்டும் அந்தத் துட்டு

காசைக் கொண்டுவந்த மாணவனின் தந்தையிடம் பேச நேர்ந்தது. படகு இயந்திரம் பழுதாகி இரண்டு வாரமாகத் தொழில் இல்லை. பழைய காசு வாங்கும் ஒருவர் ஐந்நூறு ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். “ஐந்நூறு ரூவா எங்களுக்குச் சின்னத் தொகை இல்ல சார்” என்றார். என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. சட்டத்தை விளக்கினேன், பங்கு பற்றியும் சொன்னேன், என் இழுப்பறைக் காசையும் கொண்டுபோய்க் காட்டினேன். முடிவை அவர்களிடமே விட்டுவிட்டேன்.

மறுநாள் மாணவன் ஒரு காகித உறையோடு வந்தான். வெளியே அவன் கையெழுத்தில் இடமும் நாளும் எழுதியிருந்தன. ஆழம் என்ற இடத்தில் ‘பார்க்கவில்லை’ என்று எழுதியிருந்தான். தலைமையாசிரியர் வழியாக ஆட்சியருக்குக் கடிதம் எழுதினோம். கண்டெடுத்தவர் என்று அவன் பெயரைப் போட்டோம். வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்படைத்து ஒப்புகைச் சீட்டும் வாங்கினோம். இந்தக் காசு அரியது இல்லை. ஆனால் இடம் எழுதி வந்திருப்பது நல்லது என்று அங்கே சொன்னார்கள்.

ஒப்புகைச் சீட்டின் நகல் எங்கள் வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. சென்ற வாரம் அதன் கீழே அவன் பென்சிலால் ஒரு வரி சேர்த்திருந்தான்: ‘அடுத்த முறை ஆழமும் எழுதுவேன்.’ நான் அதை அழிக்கவில்லை.