இளம்பிள்ளைவாதமும் தேகாப்பியாசமும்

இலங்கையில் இளம்பிள்ளைவாதம் இறுதியாகக் காணப்பட்டது 1993 ஆம் ஆண்டிலாகும். எனினும், அந்நோயால் கால் மெலிந்து, விளையாட்டு வேளையில் மைதானத்தின் ஓரத்தே அமர்ந்திருந்த நம் பள்ளித் தோழர் இன்றும் உளர். அன்னார்க்குத் தேகாப்பியாசம் தகுமோவெனின், தகும் என்போம். ஆயின் அளவறிதல் வேண்டும்.

இந்நோய் முண்ணாணிலுள்ள இயக்க நரம்புக்கலங்கள் பலவற்றை மாய்க்கிறது. எஞ்சிய கலங்கள் புதுக்கிளை விட்டு, துணையிழந்த தசைநார்களையும் தாமே இயக்குகின்றன. இச்சுமையைப் பல்லாண்டு தாங்கிய கலங்கள் தளர்வதாற்போலும், பிற்காலத்திற் சிலர்க்குப் புதிய பலவீனம் தோன்றுகிறது. ‘இன்னுஞ் சற்று முயல்க’ என ஊக்குவோர் பலர் இதனை அறியார். முற்றாக ஓய்ந்திருத்தலும் தீதே.

வெதுவெதுப்பான நீரில் நீந்துதல் நன்று. உடற்பாரத்தை நீர் தாங்கும். களைப்பு மேலிடுமுன் நிறுத்தி, இளைப்பாறித் தொடர்க. மறுநாளும் அயர்வு நீங்காதாயின், முதல்நாட் பயிற்சி மிகையென்று கொண்டு குறைத்தல் வேண்டும்.