கடனில்லாத விருந்து: அக்டோபர் 31-ம் நம் வீட்டுப் பிள்ளைகளும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! அக்டோபர் மாதம் முடியப் போகிறது என்றால் நம் பிள்ளைகளின் செல்போனில் பேய் முகமூடியும் எலும்புக்கூடு உடையும் பூசணிக்காய் விளக்கும் வரிசையாக வரத் தொடங்கிவிடும். அக்டோபர் 31 அன்று நடக்கும் ஹாலோவீன் கொண்டாட்டம்தான் அது. பெருநகரங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் சில பள்ளிகளும் இதை நடத்துகின்றன. சேவுகம்பட்டி, பட்டிவீரன்பட்டி, வத்தலக்குண்டு பக்கம் தெருவில் அதைப் பார்க்க முடியாது. ஆனால் போன் இருக்கிற வீட்டுக்குள் அது வந்துவிட்டது. "அத்தா, நம்ம வீட்லயும் ஒரு பார்ட்டி வைக்கலாமா?" என்று பிள்ளை கேட்டால் நாம் என்ன சொல்லப் போகிறோம்? இன்றைய ஜும்ஆவில் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

அந்த நாள் எங்கிருந்து வந்தது?

அயர்லாந்து, பிரிட்டன் பகுதிகளில் வாழ்ந்த கெல்டிக் மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் வேளையில் ஸம்ஹைன் என்ற விழாவைக் கொண்டாடினார்கள். அந்த இரவில் இறந்தவர்களின் ஆவிகள் திரும்பி வரும் என்பது அவர்களின் நம்பிக்கை. பிற்காலத்தில் கிறிஸ்தவர்கள் நவம்பர் 1-ஐப் புனிதர்கள் அனைவரின் நாளாக வைத்தபோது, அதற்கு முந்தைய இரவு ஹாலோவீன் ஆனது. 19-ம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து குடியேறியவர்கள் வழியாக அது அமெரிக்காவில் பரவியது. இன்று உடை, முகமூடி, மிட்டாய் விற்கும் பெரிய வணிகமாகிவிட்டது.

இறந்தவர்களுக்கும் இவ்வுலகுக்கும் இடையே பர்ஸக் என்னும் திரை இருக்கிறது, அவர்கள் எழுப்பப்படும் நாள்வரை அது நீடிக்கும் என்று அல்லாஹ் அறிவிக்கிறான் (23:100). ஒரு முஸ்லிமைப் பயமுறுத்துவது இன்னொரு முஸ்லிமுக்கு ஆகுமானதல்ல என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள் (அபூதாவூத்). ஆவி நம்பிக்கையில் பிறந்து, பயமுறுத்துவதை விளையாட்டாக்கிய நாள் நமக்குரியது அல்ல. இதைப் பிள்ளைக்குப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். அதைக் கொண்டாடுகிற பிற மக்களைக் கேலி பேசவும் கூடாது.

மறுத்தால் மட்டும் போதாது

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்குள்ள மக்கள் இரண்டு நாட்களில் விளையாடி மகிழ்வதைக் கண்டார்கள். அவை அறியாமைக் காலத்து நாட்கள் என்று தெரிந்ததும், அவற்றுக்குப் பதிலாக அதைவிடச் சிறந்த இரண்டு நாட்களை, ஈதுல் அள்ஹாவையும் ஈதுல் ஃபித்ரையும், அல்லாஹ் உங்களுக்குத் தந்திருக்கிறான் என்று அறிவித்தார்கள் (அபூதாவூத்). ஒன்றை எடுத்தபோது அதைவிடச் சிறந்த ஒன்று கைக்கு வந்தது.

ஆகவே "ஹராம், பேசாமல் படு" என்று பிள்ளையை அதட்டிவிட்டுப் போவது நபிவழி ஆகாது. பிள்ளை கேட்பது பேயை அல்ல. நாலு கூட்டாளிகள் வீட்டுக்கு வர வேண்டும், சேர்ந்து சாப்பிட வேண்டும், சிரிக்க வேண்டும் என்பதைத்தான். அது ஆகுமான ஆசை. அதை ஆகுமான நாளில், ஆகுமான முறையில், நம் வசதிக்குள் நிறைவேற்றலாம். "வசதிக்குள்" என்ற அந்தச் சொல்லில்தான் நாம் தடுமாறுகிறோம். முகமூடி மாட்டாத நம் வீட்டு விசேஷங்களிலும் அந்தத் தடுமாற்றம் இருக்கிறது.

கடன் வாங்கி வைக்கும் விருந்து

பெயர் வைப்பு, கத்னா, பிறந்தநாள், சடங்கு என்று எத்தனை விருந்துகள்! பந்தல், ஃபிளெக்ஸ், ஒலிபெருக்கி, இருநூறு பேருக்குப் பிரியாணி. பணம் எங்கிருந்து வருகிறது? ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். பத்து வட்டிக்கு 20,000 ரூபாய் வாங்கி விசேஷம் நடக்கிறது. மாதம் 2,000 ரூபாய் வட்டி. பத்து மாதத்தில் வட்டியாக மட்டும் 20,000 போய்விடும். அசல் அப்படியே நிற்கும். பிரியாணி ஒரு மணி நேரத்தில் முடிந்தது; வாரா வாரம் வாசலில் நிற்கும் வசூல்காரருக்குப் பதில் சொல்வது அந்த வீட்டுத் தாய். வட்டி வாங்குவதும் கொடுப்பதும் எவ்வளவு பெரிய பாவம் என்று நாம் அறிவோம். அறிந்துகொண்டே, ஊர் என்ன சொல்லும் என்ற அச்சத்தால் அதற்குள் போய் விழுகிறோம்.

சிலர் "மொய் வந்துவிடும், அடைத்துவிடலாம்" என்று கணக்குப் போடுகிறார்கள். வரும் மொய் நோட்டில் ஏறுகிறது. நாளை அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்ய வேண்டும். அன்பளிப்பு என்ற பெயரில் வந்தாலும் வீட்டின் தோளில் அது இன்னொரு பாரம்தான்.

நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனை விட்டு அதிகம் பாதுகாப்புத் தேடுவார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மாறுகிறான் என்று விளக்கினார்கள் (புகாரீ). வீண்விரயம் செய்வோர் ஷைத்தான்களின் சகோதரர்கள் என்று குர்ஆன் எச்சரிக்கிறது (17:27). அதே குர்ஆன், வீண்விரயமும் கஞ்சத்தனமும் இன்றி நடுநிலையாகச் செலவு செய்வோரை அர்ரஹ்மானின் அடியார்கள் என்று புகழ்கிறது (25:67).

நபிகளாரின் விருந்துகள்

ஸைனப் (ரலி) அவர்களை மணந்தபோது நபி (ஸல்) அவர்கள் ஓர் ஆட்டை அறுத்து வலீமா கொடுத்தார்கள். ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்தபோது வலீமாவில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. தோல் விரிப்பில் பேரீச்சம்பழம், உலர்ந்த பாலாடைக்கட்டி, நெய் வைக்கப்பட்டன. மனைவியர் ஒருவரின் வலீமா இரண்டு 'முத்' வாற்கோதுமையில் முடிந்தது. ஒரு முத் என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு (புகாரீ). அன்று கையில் என்ன இருந்ததோ அதுவே அன்றைய விருந்து. ஆடு இல்லை என்பதற்காக யாரிடமும் கடன் கேட்கவில்லை.

அகழ்ப்போர் நேரத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். நபி (ஸல்) அவர்களின் பசியைக் கண்ட ஜாபிர் (ரலி) வீட்டுக்கு ஓடி, என்ன இருக்கிறது என்று மனைவியிடம் கேட்டார். ஒரு ஸாஃ வாற்கோதுமையும் ஓர் ஆட்டுக்குட்டியும் மட்டுமே இருந்தன. மனைவி மாவரைத்தார், கணவர் ஆட்டை அறுத்தார். அழைக்கக் கிளம்பியவரிடம், கூட்டத்தைக் கூட்டி வந்து என்னை அவமானத்துக்கு ஆளாக்கிவிடாதீர்கள் என்று அந்தப் பெண்மணி கேட்டுக்கொண்டார். இன்றும் நம் வீட்டுப் பெண்கள் சொல்வது இதைத்தானே! ஜாபிர் (ரலி) அதைத் தட்டவில்லை. நபியவர்களிடம் இரகசியமாகப் போய், இருப்பது இவ்வளவுதான், சிலரோடு வாருங்கள் என்று உண்மையைச் சொன்னார். நபியவர்களோ அகழ் தோண்டிய அனைவரையும் அழைத்து வந்தார்கள். பரக்கத்துக்காகத் துஆச் செய்தார்கள். ஆயிரம் பேர் உண்டு சென்ற பிறகும் பானை கொதித்துக்கொண்டிருந்தது (புகாரீ).

அது நபியவர்களின் முஃஜிஸா. நாம் ஆயிரம் பேரை அழைக்க அது ஆதாரம் ஆகாது. நமக்குரிய பாடம் அந்தத் தம்பதியிடம் இருக்கிறது. கணவர் முதலில் மனைவியிடம் கேட்டார். இருப்பதை எண்ணினார்கள். இருப்பதற்கு ஏற்ப அழைத்தார்கள். இல்லாததை இருப்பதாகக் காட்டவில்லை. பரக்கத் அந்த உண்மையின் மீது இறங்கியது.

நம் வீட்டில் எப்படிச் செய்யலாம்?

1. நாளைக் குறிக்கும் முன் தொகையைக் குறியுங்கள். கணவனும் மனைவியும் உட்கார்ந்து, வீட்டுச் செலவு போக எவ்வளவு மீதி என்று பாருங்கள். அந்தத் தொகைதான் எல்லை. ஆட்களை அதற்குள் அடக்குங்கள். அக்டோபர் 31 வேண்டாம். பிள்ளை குர்ஆனில் ஒரு ஜுஸ்வு முடித்த நாள், பரீட்சை விடுமுறை என்று ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

2. ஒரு கிலோ சீரகச் சம்பாவும் ஒரு கிலோ கறியும் போட்டால் எட்டுப் பேர் வயிறார உண்ணலாம். 25 பேருக்கு மூன்று கிலோ போதும். பாதிப் பேர் பிள்ளைகள் என்றால் அதுவும் மிஞ்சும். ஆட்டுக்கறி கட்டுப்படியாகாவிட்டால் கோழி. அதுவும் முடியாவிட்டால் நெய்ச்சோறும் காய் போட்ட தால்சாவும். இருவர் உணவு மூவருக்குப் போதும், மூவர் உணவு நால்வருக்குப் போதும் என்பது நபிமொழி (புகாரீ).

3. நம் சமுதாயத்தில் பல ஊர்களில் இருக்கும் சஹன் முறையில் நாலைந்து பிள்ளைகளை ஒரு தட்டைச் சுற்றி உட்கார வையுங்கள். சோறு வீணாகாது, அன்பு வளரும். தனித்தனியாகப் போட வேண்டுமா? வாழை இலை இருக்கிறது.

4. அலங்காரத்துக்கு நிலக்கோட்டைப் பூச்சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. வாசலில் நாலு முழம் செண்டுப்பூ தொங்கவிட்டால் வீடு களைகட்டும். ஒருநாள் உடுத்திவிட்டுத் தூக்கிப் போடும் உடைக்குக் கொடுக்கும் காசில் பிள்ளைக்கு ஜுபா தைக்கலாம். வருடம் முழுக்க ஜும்ஆவுக்கு உடுத்துவான்.

5. விளையாட்டும் வேண்டும். சூரா ஓதும் போட்டி, நபிமார்கள் வரலாற்றில் கேள்வி பதில், முற்றத்தில் ஓட்டப் பந்தயம். பரிசாக நோட்டும் பேனாவும் போதும்.

6. செல்வந்தர் அழைக்கப்பட்டு ஏழை விடப்படும் வலீமா உணவு உணவுகளிலேயே கெட்டது என்று ஹதீஸில் வந்துள்ளது (புகாரீ, முஸ்லிம்). தெருவில் யாருடைய பிள்ளையை யாரும் அழைப்பதில்லையோ அந்தப் பிள்ளையை முதலில் அழையுங்கள். பக்கத்து வீட்டில் இருப்பவர் சகோதர சமயத்தவர் என்றாலும் அவர் நம் அண்டை வீட்டார். அவர் பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு.

விருந்தாளிகளுக்கும் பொறுப்பு உண்டு

கண்ணியத்திற்குரியவர்களே! கடன் வாங்கியவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. "என்ன, ஒரு கறித்துண்டுகூட இல்லை" என்று திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற நம் நாவுதான் அடுத்த வீட்டுக்காரரை வட்டிக்கடைக்கு அனுப்புகிறது. விருந்தளிப்பவரைப் பாவத்துக்குள் தள்ளும் அளவுக்கு ஒரு முஸ்லிம் அவரிடம் தங்கியிருப்பது ஆகாது என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். எப்படிப் பாவத்துக்குள் தள்ளுவார் என்று தோழர்கள் கேட்டபோது, உபசரிக்க ஒன்றும் இல்லாத நிலையில் அவரிடம் தங்கியிருப்பதுதான் என்று பதில் சொன்னார்கள் (முஸ்லிம்). தங்குவதற்கே இந்த எச்சரிக்கை என்றால், குறை பேசி ஒருவரைக் கடனுக்குத் தள்ளும் நம் நிலை என்ன?

எனவே எளிய விருந்துக்கு அழைக்கப்பட்டால் மறுக்காமல் போங்கள். மனதார உண்ணுங்கள். அந்த வீட்டுக்காக துஆச் செய்யுங்கள். ஜமாஅத்தில் வசதி படைத்தவர்கள் தங்கள் வீட்டு விசேஷத்தை முதலில் எளிமையாக்கிக் காட்டுங்கள். உங்கள் வீட்டுப் பந்தல் சிறுத்தால், இல்லாத வீட்டுப் பெண்மணியின் நெஞ்சில் இருக்கும் பாரம் குறையும்.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளை வட்டியை விட்டும் கடனின் சுமையை விட்டும் காப்பாயாக! எங்கள் பிள்ளைகளுக்கு ஹலாலான மகிழ்ச்சியைத் தருவாயாக! குறைவான எங்கள் உணவில் நிறைவான பரக்கத்தைத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.