கிண்டிக் காட்டுக்குப் போகிறீர்களா?

லீவு விட்டால் போதும், "கிண்டிக்குப் போகலாம்ப்பா" என்று பிள்ளைகள் நச்சரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். தாராளமாக அழைத்துப் போங்கள். ஆனால் ஊஞ்சலும் சறுக்குமரமும் இருக்கிற அந்தச் சிறுவர் பூங்காவை ஒட்டியே நிஜமான காடு ஒன்று இருக்கிறது என்பதைப் போகும்முன் சொல்லிவையுங்கள்.

வெள்ளைக்காரர்கள் வேட்டையாடிய இடம் அது. 1821-ல் அரசாங்கம் ஒரு தனியாரிடமிருந்து 35,000 ரூபாய்க்கு வாங்கியது. 1910-ல் காப்புக்காடானபோது 505 ஹெக்டேர் இருந்தது. ஐ.ஐ.டி., நினைவு மண்டபங்கள் என்று கொடுத்ததெல்லாம் போக, 1978-ல் தேசியப் பூங்காவானபோது மிஞ்சியது சுமார் 270 ஹெக்டேர்தான். வெளிமானும் புள்ளிமானும் நரியும் கீரியும் இதற்குள்தான் பிழைக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்துவிட்டு, கத்திரி வெயிலிலும் பச்சையாகவே நிற்கிற காடு இது. களா, மருக்காரை, வேம்பு, பனை... என் போன்ற வைத்தியன் கண்ணுக்கு மருந்துக்கடை மாதிரி தெரியும். அதில்தான் ஆபத்தும் இருக்கிறது. "மூலிகைதானே டாக்டர், என்ன செய்துவிடும்?" என்று கேட்கிறார்கள். மருக்காரைக் காய் பார்க்கச் சின்னக் கொய்யா மாதிரியே இருக்கும். தின்றால் குடலைப் புரட்டி வாந்தி எடுக்கவைக்கும்!

அதைவிடப் பொல்லாதது குன்றிமணி. இந்த மாதிரிக் காட்டோரங்களில் வேலியிலும் புதரிலும் படர்ந்து, காய் வெடித்துச் சிவப்பும் கறுப்புமாகச் சிரிக்கும். எந்தக் குழந்தைக்குத்தான் கை போகாது? நம் வீட்டிலேயே பிள்ளையாருக்குக் கண் வைக்கிறோம், பல்லாங்குழி ஆடுகிறோம். தோல் உடையாமல் விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்து மென்றாலோ, மாலை கோக்கத் துளை போட்டதை விழுங்கினாலோதான் உள்ளே இருக்கிற 'அப்ரின்' என்ற நஞ்சு வேலையைக் காட்டும். உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம், சமயத்தில் ஒன்றிரண்டு நாள்கூடக் கழித்து வாந்தி, ரத்தபேதி என்று ஆரம்பிக்கும். இதற்கு முறிவு மருந்து எந்த வைத்தியத்திலும் இல்லை. "குழந்தை நன்றாகத்தானே விளையாடுகிறது" என்று காத்திருக்காமல், எத்தனை தின்றது, மென்றதா என்று கேட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சித்த வைத்தியத்தில் குன்றிமணி உண்டு, வாஸ்தவம். ஆனால் சுத்தி செய்யாமல் உள்மருந்தில் சேர்க்கமாட்டோம். புத்தகம் பார்த்து அடுப்படியில் செய்கிற காரியமில்லை அது.

தேசியப் பூங்காவில் ஒரு இலையைக்கூடப் பறிக்கக் கூடாது என்பது சட்டம். மூலிகை வேண்டுமானால் நாட்டு மருந்துக் கடை இருக்கிறதே!

அடுத்தது, பாசத்தோடு மானுக்குப் பிஸ்கட் நீட்டுவது. மான் அசைபோடுகிற பிராணி; புல்லும் இலையும் செரிக்கிற வயிறு. ரொட்டியும் சோறும் அதில் புளித்துப்போய் உயிருக்கே ஆபத்தாகும். அதோடு போட்டுவிட்டு வருகிற பிளாஸ்டிக் பை வயிற்றில் உருண்டையாகத் தங்கிவிடும். அது வெளியே வராது. மான் மெலிந்து மெலிந்து சாகும்.

குரங்குக்கும் தீனி கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கினால் நாளைக்குப் பையைப் பிடுங்கும், கடிக்கும். கடித்தாலோ கீறினாலோ மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் அப்பாமல், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடிக்குப் போடும் அதே தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஊசியோடு நிறுத்திவிடாமல், டாக்டர் சொன்ன தேதியிலெல்லாம் போங்கள்.