நிற்கிற வண்டியும் டீசல் குடிக்கும்

கேள்வி: என்னிடம் இருப்பது 2013-ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் டிசையர் டீசல். 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன வருடம் வரை லிட்டருக்கு 17 கொடுத்துக்கொண்டிருந்தது. இப்போது 10-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. முன்பு மணலியில் வேலை, காலை 6 மணி ஷிஃப்ட். இப்போது பாரிமுனையில் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் இருக்கிறேன். போக வர 20 கிலோமீட்டர்தான். வீடு திருவொற்றியூரில் கடலோரத் தெரு, வண்டி வெளியில்தான் நிற்கும். ஞாயிறு எடுக்காமல் விட்டால், திங்கட்கிழமை ‘டக்’கென்று ஒரு சத்தத்தோடு நகரும். வலது முன் சக்கரத்தில் மட்டும் கறுப்புப் பொடி படிகிறது. மெக்கானிக் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார். ஐம்பதாயிரம் ஆகுமாம். மாற்றிவிடலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: வேண்டாம். இப்போதைக்கு ஒரு ரூபாய் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது.

முதலில் சாலையைப் பார்ப்போம். காலை 6 மணி ஷிஃப்டுக்கு மணலி போனவர், இப்போது அலுவலக நேரத்தில் பாரிமுனை போகிறீர்கள். எண்ணூர் விரைவுச் சாலையானாலும் டி.எச். ரோடானாலும், துறைமுக கேட்டை நோக்கி டிரெய்லர்கள் வரிசை கட்டிவிட்டால் நம் காருக்கு வழியே கிடையாது. 20 கிலோமீட்டருக்குப் போக வர இரண்டு மணி நேரம் ஆகிறது என்று வையுங்கள். அதில் 50 நிமிடம் சும்மா நிற்கிறீர்கள், ஏ.சி. ஓடுகிறது. இந்த 1,248 சி.சி. இன்ஜின் ஏ.சி.யோடு சும்மா நின்றால் மணிக்கு ஏறத்தாழ 700 மில்லி டீசல் குடிக்கும். 50 நிமிடத்துக்கு 580 மில்லி. ஓடும் தூரத்துக்குப் பழைய 17 என்றே கணக்கிட்டாலும் 1.18 லிட்டர். இரண்டையும் கூட்டினால் 1.76 லிட்டர். 20 கிலோமீட்டரை அதால் வகுங்கள், 11.4 வரும்.

வண்டியில் ஒரு கோளாறும் இல்லாமலேயே 17 என்பது 11.4 ஆகிவிட்டது. நீங்கள் காண்பது 10, அதாவது நாளைக்கு 2 லிட்டர். ஆக, வண்டியின் மீது சுமத்தக்கூடியது நாளொன்றுக்குக் கால் லிட்டர் மட்டும். அந்தக் கால் லிட்டருக்கு ஐம்பதாயிரம் கேட்கிறார்கள்.

வாங்கும்போது இந்த வண்டிக்குச் சொன்ன எண் 23.4. அதை நினைத்து மனம் குமுற வேண்டாம். சோதனைக்கூடத்தில் உருளைகளின் மேல், ஏ.சி. இல்லாமல், சராசரி 32 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி எடுக்கப்படும் எண் அது. உங்கள் சராசரி மணிக்கு 10 கிலோமீட்டர். இரண்டையும் ஒப்பிடுவதே நியாயமில்லை.

சரி, வண்டியின் பங்கை எப்படிக் கண்டுபிடிப்பது? வருகிற ஞாயிறு விடியற்காலை பங்க்கில் தானாகக் கட் ஆகும்வரை டேங்கை நிரப்புங்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டுக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கிளம்புங்கள். ஏ.சி. வேண்டாம், வேகம் 60-ஐத் தாண்ட வேண்டாம். போக வர 80 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டி, அதே பங்க்கில், அதே பம்ப்பில், திரும்பவும் கட் ஆகும்வரை நிரப்புங்கள். கட் ஆன பிறகு பையனிடம் சொல்லி ‘ரவுண்ட்’ பண்ண வைத்தால் கணக்கே கெட்டுவிடும். பம்ப்பின் அளவில் சந்தேகம் இருந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் குவளையில் பிடித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, தயங்காமல் கேளுங்கள். இப்படி எடுத்த கணக்கு 20-ஐ ஒட்டி வந்தால் இன்ஜினும் இன்ஜெக்டரும் நலம். 15-க்குக் கீழே வந்தால் வண்டியில் ஏதோ இருக்கிறது. டாஷ்போர்டு காட்டும் எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

ஏதோ இருக்கிறது என்றால் அது எங்கே என்பதையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். திங்கட்கிழமை ‘டக்’ சத்தம், வலது சக்கரத்தில் மட்டும் கறுப்புப் பொடி. பிரேக் முழுதாக விடவில்லை.

நான் தொழில் கற்றது தண்டையார்பேட்டையில். கடலோரத் தெருக்களில் நிற்கும் வண்டிகளின் முன் பிரேக்கை அவிழ்த்தால், காலிப்பரைத் தாங்கும் சறுக்கு பின்னைக் கையால் இழுக்கவே முடியாது. பிளையர் போட்டுத் திருகித் திருகித்தான் வெளியே வரும். வரும்போது செம்பழுப்புத் துரு மாவாக உதிரும். கிரீஸ் இருந்த இடத்தில் காய்ந்த தார் போல ஒரு படலம் நிற்கும். ரப்பர் உறை ஓரிடத்தில் கிழிந்திருக்கும், உப்புக் காற்று நுழைந்த வழி அதுதான். அந்த பின் நகராவிட்டால் பிரேக் பெடலை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். ஒரு காலால் பிரேக்கை லேசாக மிதித்தபடி இன்னொரு காலால் ஆக்சிலரேட்டரை அழுத்துவதும் இதுவும் ஒன்றுதான்.

இதைச் சோதிக்க ஸ்கேனர் தேவையில்லை. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, கடைசியில் பிரேக்கை அதிகம் தொடாமல் உருட்டி நிறுத்துங்கள். நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய் வெப்பத்தை ஒப்பிடுங்கள். டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும். வலது முன்னால் மட்டும் அனல் அடித்தால் முடிவு தெரிந்துவிட்டது. பிறகு ஜாக்கி வைத்து, நியூட்ரலில், இடது வலது சக்கரங்களைக் கையால் சுற்றிப் பாருங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும். பின்னைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே உள்ள கிரீஸ் தடவி, ரப்பர் உறையை மாற்றினால் வேலை முடிந்தது. சாதாரண கிரீஸ் அந்தச் சூட்டில் உருகிவிடும், அதைத் தடவ விடாதீர்கள். உங்கள் தெருவில் வண்டி நிறுத்துகிற எல்லாருக்கும் சொல்வேன்: மழைக்காலம் முடிந்ததும் வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்துகொள்ளுங்கள். இரண்டு நாள் எடுக்கப்போவதில்லை என்றால் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை கொடுங்கள். அந்த ‘டக்’ சத்தம் பின் டிரம்மில் ஒட்டிக்கொண்ட ஷூ பிய்த்துக்கொண்டு விடும் சத்தம்.

அடுத்து ஏர் ஃபில்டர். நம் பகுதிக் காற்று மற்ற இடத்துக் காற்று மாதிரி இல்லை. 2011-இல் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றபோது ராயபுரத்துக்காரர்கள் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். அந்த நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. அனல் மின் நிலையச் சாம்பலும் டிரெய்லர்கள் கிளப்பும் மண்ணும் இன்றும் எண்ணூர், மணலி, திருவொற்றியூர் மேல்தான் படிகிறது. கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை காத்திருந்தால் ஃபில்டர் அடைத்துவிடும். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றி, வெள்ளைத் தாள் மேல் தட்டிப் பாருங்கள். கரும்பழுப்பு மணல் கைப்பிடி அளவு கொட்டினால் புதிது போடுங்கள். டர்போ இன்ஜினுக்குக் காற்று குறைந்தால் இழுவை குறையும். நீங்கள் இன்னும் அழுத்துவீர்கள், கரும்புகை வரும், டீசல் போகும்.

டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ்களையும் அப்போதே பார்த்துவிடுங்கள். இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கும், அழுத்தும்போது ‘ஸ்ஸ்’ என்ற சத்தமும் இருந்தால் காற்று வெளியே போகிறது. தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டாலும் இன்ஜின் சூடேறாமல் டீசலைத் தின்னும். ஸ்கேனரில் கூலன்ட் வெப்பம் ஓட்டத்தில் 80 டிகிரியைத் தாண்டுகிறதா என்று மெக்கானிக்கைக் கேளுங்கள். டயர் காற்றைக் காலையில், வண்டி எடுக்கும் முன், டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுப்படி வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு சந்தேகம் தீரவில்லையென்றால் இன்ஜெக்டருக்கு வரலாம். அப்போதும் மாற்றுவது முதல் வேலை ஆகாது. நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் பைப்பிலும் நான்கு சிறு பாட்டில்களை மாட்டி, இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டால், எது அதிகமாகத் திருப்பி விடுகிறது என்று கண்ணுக்கு நேராகத் தெரியும். நான்கிலும் ஒரே மட்டம் நின்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம். ஒன்றில் மட்டும் ஏறி நின்றால் அந்த ஒன்றைச் சரிசெய்தால் போதும். இந்தச் சோதனை செய்யாமல் நான்கையும் மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

கடைசியாக, நிற்கும் நேரம். 14 விநாடிக்கு மேல் நிற்க நேர்ந்தால் இன்ஜினை அணைத்துவிடுவது லாபம் என்று பெட்ரோலியச் சிக்கனத்துக்கான மத்திய அரசு அமைப்பான பி.சி.ஆர்.ஏ. சொல்லிவருகிறது. சிக்னலுக்குச் சிக்னல் அணைக்கச் சொல்ல மாட்டேன், பழைய பேட்டரியும் ஸ்டார்ட்டரும் பாவம். ஆனால் டிரெய்லர் வரிசை அசையவே இல்லை என்று தெரிந்தால் அணைத்துவிடுங்கள். சரிவிலும் மேம்பாலத்திலும் மட்டும் வேண்டாம். 50 நிமிடத்தில் 30 நிமிடம் அணைத்தால் நாளைக்கு 350 மில்லி, 25 வேலை நாளுக்கு எட்டே முக்கால் லிட்டர். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது மாதம் ஏறத்தாழ 800 ரூபாய் மிச்சம். ஊர்ந்து போகும்போது டீசல் இன்ஜினுக்கு ஒரு வசதி உண்டு: முதல் கியரில் கிளட்சை முழுதாக விட்டால் ஆக்சிலரேட்டரைத் தொடாமலே வண்டி ஊரும். முன்னால் இரண்டு கார் இடைவெளி விட்டு அப்படியே ஊர விடுங்கள். ஆட்டோ நுழையட்டும், பரவாயில்லை. ஹாஃப் கிளட்சில் இழுத்து இழுத்து நிறுத்துவதைவிட டீசலும் கிளட்சும் மிஞ்சும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வரிசையில் நிற்கும் நூறு வண்டிகளின் புகை, அந்தச் சாலையோரக் குடிசைகளின் வாசலில்தான் இறங்குகிறது. அங்கே பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள். சாவியைத் திருப்பும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பி.எஸ்.6 டீசல் எஸ்.யு.வி. வைத்திருக்கிறேன். வீட்டிலிருந்து வேலைக்கு 3 கிலோமீட்டர். மைலேஜ் சரிந்துவிட்டது, டி.பி.எஃப். விளக்கும் அடிக்கடி எரிகிறது. ஃபில்டரையே எடுத்துவிடலாம் என்கிறார் நண்பர்.
– வாசகர், எர்ணாவூர்

பதில்: எடுக்கக் கூடாது, அது சட்ட விரோதம். 2020 ஏப்ரல் முதல் விற்கப்பட்ட டீசல் வண்டிகளில் புகையின் கரித்துகளைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் அது. பிடித்த கரியை எரித்துச் சாம்பலாக்க 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். மூன்று கிலோமீட்டரில் இன்ஜினே சரியாகச் சூடேறாது. அதனால் வண்டி தானே கூடுதல் டீசலைப் பீய்ச்சி எரிக்கப் பார்க்கிறது. பாதியில் நீங்கள் வீடு வந்து அணைத்துவிடுகிறீர்கள். மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து. மைலேஜ் போகும் வழி இதுதான். எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கவும் கூடும், ஆகவே டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் உடனே ஆயிலை மாற்றுங்கள்.

வாரம் ஒருமுறை வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் ஏறி, 2,000 ஆர்.பி.எம்.முக்குக் குறையாமல் அரை மணி நேரம் சீராக ஓட்டுங்கள். பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும். மனம் திறந்து சொல்வதென்றால், நாளைக்கு 6 கிலோமீட்டருக்கு இந்த வண்டி பொருந்தாது. விற்கும் எண்ணம் வந்தால் அடுத்தது பெட்ரோலோ மின்சாரமோ பாருங்கள். நகருக்குள் போவதற்கு 2021 முதல் விம்கோ நகரிலிருந்து மெட்ரோ ஓடுகிறது, டிரெய்லர் வரிசைக்கு மேலேயே போய்விடலாம்.

கேள்வி: டீசல் பைப்பில் காந்தம் மாட்டினால் மைலேஜ் 20 சதவீதம் கூடும் என்று ஒருவர் 3,500 ரூபாய்க்குத் தருகிறார். வாங்கலாமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: வாங்காதீர்கள். டீசல் காந்தத்தால் மாறும் பொருள் அல்ல. மைலேஜைக் கூட்டும் என்று விற்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சோதித்துப் பார்த்தது. மிகச் சிலவற்றில்தான் ஏதாவது பலன் தெரிந்தது, அதுவும் அற்பம். அந்தப் பணத்தில் டயருக்கு ஒரு காற்றழுத்த மீட்டரும் ஒரு புது ஏர் ஃபில்டரும் வாங்குங்கள், மீதிக்கு டீசல் போடுங்கள்.