பேழையை அளந்த பிள்ளைகள்
(ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கான வேத பாடம்)

வேத வாசிப்பு: யாத்திராகமம் 12:21-27, உபாகமம் 6:4-9, யோசுவா 4:1-9, மத்தேயு 18:1-6

எழுப்புதலுக்காக உபவாசிக்கிறோம், இராமுழுதும் ஜெபிக்கிறோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நம்முடைய பாயில் வந்து உட்காருகிற ஐந்து வயது, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நாம் என்ன செய்கிறோம்? இந்தப் பாரத்தோடுதான் எழுதுகிறேன். முதலில் என் தப்பை நான் சொல்லிவிட வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் ஞாயிறு பள்ளி ஆண்டு விழாவுக்காக 23-ம் சங்கீதத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாகக் கொடுத்தோம். ஒரு சிறுமி ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். சபையே கை தட்டியது. முதல் பரிசு. மேடையை விட்டு இறங்கினவளிடம், "மேய்ப்பன்னா யாரும்மா?" என்று சும்மா கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "சங்கீதம் இருபத்திமூணு, பாஸ்டர்" என்றாள்.

அன்றைக்குச் சிரித்துவிட்டேன். அதே விழாவுக்காகத் தயாரான நாட்களில் நடந்த இன்னொரு காரியத்துக்குச் சிரிக்க முடியவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவன், கடலுக்குப் போகிறவருடைய மகன், இரண்டாம் வசனத்திலேயே நின்றுவிடுவான். மூன்று வாரம் பொறுத்தேன். நான்காம் வாரம், "தெரியாதவங்கள்லாம் வெளிய போய் நின்னு படிங்க" என்று சொல்லி அவனை வராண்டாவில் நிறுத்திவிட்டேன். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. வீட்டுக்குப் போய் விசாரிக்க எனக்கு இரண்டு மாதமாயிற்று. அவனுடைய தாயார், "கூப்ட்டா வரமாட்டேங்கிறான் பாஸ்டர். தெரியாதவங்க வெளியதான் நிக்கணுமாமே" என்றார்கள். இப்போது அவன் வளர்ந்து லாரி ஷெட்டில் வேலை செய்கிறான். வழியில் பார்த்தால் மரியாதையாக வணக்கம் சொல்லுவான். சபைக்கு மட்டும் வருவதில்லை.

இதற்குப் பிறகுதான், வேதம் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுகிறது என்று பயத்தோடு தேடினேன். டிப்ளமோ படித்தபோது உபாகமம் 6-ம் அதிகாரத்துக்குக் குறிப்பு எழுதி நல்ல மார்க்கு வாங்கினவன்தான் நான். ஆனாலும் ஒன்றைக் கவனிக்கவில்லை. மோசே அங்கே நாலு வேளைகளைச் சொல்லுகிறார்: வீட்டில் உட்காருகிறபோது, வழியில் நடக்கிறபோது, படுக்கிறபோது, எழும்புகிறபோது. பிள்ளை எப்போதும் வாழ்க்கையின் நடுவில் இருக்கிறது. ஒரு இடத்தில் அடைத்து வைத்துக் கத்த வைப்பது அந்த நாலில் இல்லை.

யாத்திராகமம் 12:26-ஐப் பாருங்கள். பஸ்காவின் இரவில் பிள்ளை ஆட்டுக்குட்டியைப் பார்க்கிறது, வாசல் நிலையில் இரத்தத்தைப் பார்க்கிறது, கசப்பான கீரையைத் தன் வாயில் போட்டு மெல்லுகிறது. அப்புறம் அதுவே, "இது என்ன?" என்று கேட்கும் என்கிறார் தேவன். கேட்ட பிறகுதான் தகப்பன் பதில் சொல்ல வேண்டும். யோசுவா 4-ம் அதிகாரத்திலும் அதே ஒழுங்குதான். யோர்தானின் நடுவிலிருந்து கோத்திரத்துக்கு ஒருவனாகப் பன்னிரண்டு பேர் கல்லைத் தோளில் சுமந்து வருகிறார்கள். அந்தக் கற்களைப் பார்த்துப் பிற்காலத்தில் பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள் என்கிறார். முதலில் காரியம், பிறகு பிள்ளையின் கேள்வி, கடைசியில்தான் நம்முடைய விளக்கம். நாமோ விளக்கத்தை முதலில் ஊற்றிவிட்டுக் கேள்வியையும் நாமே கேட்கிறோம். பிள்ளைக்கு மிச்சம் வைப்பது கோரஸாகப் பதில் சொல்லுவதை மட்டுமே.

நம்முடைய ஆண்டவரும் பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் போதகர்கள் நடுவே இருந்தபோது, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கவில்லை, அவர்களிடம் வினாவவும் செய்தார் என்று லூக்கா 2:46-ல் இருக்கிறது. பிள்ளை கேள்வி கேட்டால், "வாயை மூடு, பிரசங்கத்துல பேசக் கூடாது" என்று நாம் சொல்லுகிறோமே!

நம்முடைய பட்டணத்திலேயே இதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1789-ல் எழும்பூரில் படைவீரர்களின் அநாதை ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை ஆண்ட்ரூ பெல் என்கிற ஆங்கிலேயச் சபைப் போதகர் பொறுப்பேற்றார். ஆசிரியர்கள் இருந்தும் சிறு பிள்ளைகளுக்கு எழுத்து வரவில்லை. ஒரு நாள் அவர் வழியில் ஒரு நாட்டுப் பள்ளியைப் பார்த்தார். நம்முடைய திண்ணைப் பள்ளிதான். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து அப்படியே செய்யச் சொன்னார். பெரிய ஆசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை. உடனே ஜான் ஃபிரிஸ்கன் என்கிற எட்டு வயதுப் பையனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்களால் ஆகாதது அந்தச் சிறுவனால் ஆயிற்று. 1797-ல் பெல் இதை லண்டனில் புத்தகமாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. அவருடைய சொந்த ஊராகிய ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் மெட்ராஸ் காலேஜ் என்றே ஒரு பள்ளி இன்றும் இருக்கிறது.

நாம் தூக்கி எறிந்த மணல் சீமைக்குப் போனது! ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் வரிசையாக நிறுத்தி, ஒரு மூத்த பையன் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்லுகிற இயந்திரமாக அது பிறகு அங்கே மாறிப்போனது. மணலும் விரலும் போய் வாய் மட்டும் மிஞ்சியது.

நம் காலத்திலும் ஒன்று நடந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராயிருந்த எம்.பி. விஜயகுமார் சில மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். ஆந்திராவின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறை அதற்கு மாதிரி. 2007-ல் அது தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. எங்கள் சபையில் ஒரு சகோதரி அப்போது மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை. அவர்கள் சொல்லுவார்கள்: "நாற்காலிய எடுத்துட்டாங்க பாஸ்டர். நானும் பாயில உக்காந்தேன். சுவத்துல கீழ்மட்டக் கரும்பலகை, ஒவ்வொரு புள்ளைக்கும் அதுல ஒரு பங்கு. புள்ளையே போய்த் தன் அட்டைய எடுத்து வரும், முடிச்சா அடுத்த படிக்கு ஏறும். ஒரு வாரம் லீவு போட்டா, விட்ட எடத்துல இருந்தே தொடரலாம்." அட்டைகள் கிழிந்ததும், காணாமல் போனதும், வீட்டுப் பாடம் இல்லையென்று பெற்றோர் சண்டைக்கு வந்ததும் உண்டாம். 2022 முதல் சிறு வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் என்று வேறு திட்டம் வந்துவிட்டது. எனக்கு அந்தச் சகோதரி சொன்னதில் தைத்தது ஒன்றுதான்: பின்தங்கின பிள்ளையை வெளியே நிறுத்தவில்லை. அவனுக்கு அவனுடைய படி இருந்தது.

இதையெல்லாம் கேட்டு உற்சாகப்பட்டு, அந்த வருஷத்து வி.பி.எஸ்.ஸில் நாங்களும் 'செயல்' என்று இறங்கினோம். கலர் பென்சில், பலூன், பேப்பர் கத்தரிப்பு. நோவாவின் பேழைப் படத்துக்கு எல்லோரும் கலர் அடித்தார்கள். ஒரே சந்தோஷம். கடைசி நாளில், "நோவா எதுக்குப் பேழை செஞ்சாரு?" என்று கேட்டேன். "யானைக்கு" என்றான் ஒருவன். படத்தில் யானைதான் பெரியது! கை ஓடியாடி வேலை செய்தது, புத்தி தூங்கியது. ஆசிரியர்களே, பிள்ளைகள் ஆடிப்பாடினார்கள் என்பதினாலே கற்றுக்கொண்டார்கள் என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

மறு வருஷம் அதே பாடத்தை எடுத்தோம். கலர் இல்லை, ஒரு கயிற்று உருண்டை மட்டும். ஆதியாகமம் 6:15-ன்படி பேழை முந்நூறு முழ நீளம், ஐம்பது முழ அகலம், முப்பது முழ உயரம். "முழம்னா எவ்ளோ?" என்று கேட்டுவிட்டு நான் வாயை மூடிக்கொண்டேன். அது எனக்கு மிகவும் கஷ்டமான வேலை. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண் பிள்ளை எழுந்தாள். அவளுடைய அம்மா காலடிப்பேட்டை மார்க்கெட் பக்கம் பூ விற்கிறவர்கள். வசனம் சொல்லச் சொன்னால் தலை குனிகிற பிள்ளை. முழங்கையை மடக்கி, நடுவிரல் நுனி வரைக்கும் கயிற்றைப் பிடித்து, "இதான் பாஸ்டர் ஒரு மொழம்" என்று காட்டினாள்.

உடனே ஒரு பையன், "உன் கை சின்னது, பாஸ்டர் கை பெருசு. நோவா யார் கையால அளந்தாரு?" என்று கேட்டான். நான் ஒரு வார்த்தையும் சொல்லாமலே கேள்வி பிறந்துவிட்டது! ஸ்தோத்திரம். இரண்டு முழத்தையும் கயிற்றில் முடிச்சுப் போட்டு ஒப்பிட்டார்கள். அவள் முழம் ஒரு அடி, என் முழம் ஒன்றரை அடி. முப்பது முழத்துக்குக் கயிறு அறுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தோம். (இரண்டு ஆசிரியர்கள் முன்னேயும் பின்னேயும் வண்டி பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது இல்லாமல் தெருவுக்கு இறங்க வேண்டாம்.) ஒவ்வொரு கயிற்றுக்கும் சாக்பீஸ் கோடு. பத்தாவது கயிறு தெரு முனையைத் தாண்டிப் போய்விட்டது. நானூற்றைம்பது அடி. துறைமுகத்தில் வேலை செய்கிற ஒருவருடைய மகன் மனக்கணக்குப் போட்டான்: "நாப்பதடி கன்டெய்னர் பதினொண்ண வரிசையா வெச்சாலும் இதுக்குப் பத்தாது பாஸ்டர்."

திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தபோது, பூக்கார அம்மாவின் மகள் கேட்டாள்: "இவ்ளோ பெருசு செய்ய எவ்ளோ வருசம் ஆயிருக்கும்? மழையே இல்லாதப்போ எல்லாரும் சிரிச்சிருப்பாங்கல்ல?" எபிரெயர் 11:7-ஐ நான் அப்போதுதான் திறந்தேன். காணாததைக் குறித்து எச்சரிக்கை பெற்று, பயபக்தியோடே பேழையை உண்டுபண்ணின விசுவாசம். அந்த வசனத்தை அன்றைக்கே மனப்பாடம் செய்தார்கள். அவளும் சொன்னாள்.

ஆகவே மனப்பாட வசனம் வேண்டாம் என்று நான் சொல்லுவதாக ஒருவரும் எண்ண வேண்டாம். அறியாத வயதில் என் பாட்டி சொல்லிக் கொடுத்த வசனங்கள்தான், நான் தூரமாய்ப் போயிருந்த வாலிப நாட்களில் ராத்திரியில் என்னைத் தட்டி எழுப்பின. வசனம் விதை. ஆனால் நிலத்தைக் கிளறாமல் பாறைமேல் போடுகிறோமே, அதைத்தான் சொல்லுகிறேன். நெகேமியா 8:8-ல் வேதத்தை வாசித்ததோடு விடவில்லை, ஜனங்களுக்கு விளங்கும்படி அர்த்தத்தையும் சொன்னார்கள். பிலிப்புவும் இரதத்தில் ஏறுமுன்னே, வாசிக்கிறது புரிகிறதா என்றுதான் அந்த மந்திரியிடம் கேட்டார்.

"இதெல்லாம் மாம்சத்தின் யுக்தி, பிள்ளைகளுக்கு அபிஷேகம் போதும்" என்று ஒரு மூத்த சகோதரர் என்னைக் கடிந்துகொண்டார். அவரை மதிக்கிறேன். பரிசுத்த ஆவியானவரே போதிக்கிறவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே ஆவியானவர்தான் எரேமியாவைக் குயவன் வீட்டுக்கு இறங்கிப் போகச் சொன்னார். எசேக்கியேலைச் செங்கல்லின்மேல் எருசலேமை வரையச் சொன்னார். பெரிய தீர்க்கதரிசிகளுக்கே கண்ணால் பார்க்கவும் கையால் செய்யவும் ஒன்று வேண்டியிருந்தது.

நம்முடைய ஊரே இதற்குச் சாட்சிதான். 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராயிருந்த ஜோசப் காலெட் இங்கே நெசவாளர்களைக் குடியேற்றினார். காலெட்பேட்டைதான் வாயில் திரிந்து காலடிப்பேட்டை ஆயிற்று. எந்த நெசவாளர் வீட்டுப் பிள்ளை நெசவை மனப்பாடம் செய்தது? தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றிச் சுற்றித்தான் தறிக்கு வந்தது. வலை பின்னுகிறவர் வீட்டுப் பிள்ளையும் அப்படியே.

வகுப்புக்கு வருவோம். பாடம் தயாரிக்கும்போது, 'நான் என்ன சொல்லப் போகிறேன்' என்று எழுதுவதற்கு முன், 'பிள்ளை என்ன செய்யும், எதைக் கேட்கும்' என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி வராவிட்டால் இன்னும் ஜெபியுங்கள், இன்னும் வாசியுங்கள். கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நாலு எண்ணும்போதே நமக்கு வாய் துடிக்கும், அடக்க வேண்டும். எப்போதும் முதலில் கை தூக்குகிற பிள்ளை நம் வகுப்பின் அளவுகோல் அல்ல. பெரிய பிள்ளையின் பக்கத்தில் சின்னதை உட்கார வையுங்கள், ஆனால் பெரியது சின்னதை அதட்டுகிறதா என்று பாருங்கள். சொல்லித் தருகிற பிள்ளைதான் அதிகமாகக் கற்றுக்கொள்ளும். பணம் வேண்டியதில்லை. மணல், கயிறு, கல், விளக்கு, மீன், அப்பம், பானை என்று வேதத்தில் இருக்கிற பொருள்கள் எல்லாம் நம் வீட்டிலும் இருக்கின்றன.

பிள்ளை செய்வதில் நாம் எதிர்பாராதது வரும். அதற்கும் இடம் கொடுங்கள். ஆதியாகமம் முதல் அதிகாரம் நடத்தினபோது, தேவன் உண்டாக்கின சமுத்திரத்தை வரையச் சொன்னோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தது. ஒரு பிள்ளை தண்ணீருக்குக் கறுப்பு அடித்திருந்தது. ஆசிரியை, "கடல் நீலம்டா" என்று திருத்தப் போனார்கள். நான் தடுத்தேன். தேவன் நல்லது என்று கண்ட தண்ணீரை யார் இப்படி ஆக்கினது என்று அன்றைக்கு அந்தப் பிள்ளைகளோடு பேசி, மீன் பிடிக்கிற குடும்பங்களுக்காக ஜெபித்தோம். அவர்களுடைய ஜெபத்தைக் கேட்டு என் கண் கலங்கியது.

வருகிற ஞாயிறு பாடம் லூக்கா 15:8-10. ஆசிரியர்கள் பத்துப் பழைய காசுகள், ஒரு தொடப்பம், ஒரு டார்ச் கொண்டுவர வேண்டும். சிறு பிள்ளைகள் வகுப்பில் ஜன்னலைச் சாத்தி, லைட்டை அணைத்து, ஒரு காசை ஒளித்து வைக்க வேண்டும். கிடைக்கும்வரை தேட விடுங்கள், இடம் காட்ட வேண்டாம், கதையையும் முன்னே சொல்ல வேண்டாம். கிடைத்தவுடன் அவர்கள் போடுகிற சத்தத்தை அடக்காதீர்கள். அதற்குப் பிறகு வேதத்தைத் திறக்கலாம். காசை ஒளித்து வைக்கிற வேலையை, வசனம் சொல்ல வராத பிள்ளைக்குக் கொடுங்கள்.